முத்திரை கேட்கப்பட்ட நாள்: நகல் பிரிவில் நடந்த ஒரு தவறு

ஒரு மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தின் நகல் பிரிவில் இளநிலை உதவியாளராக நான் உட்கார்ந்த நான்காவது மாதத்தில் இது நடந்தது. தவறு என்னுடையது. ஊரையும் ஆட்களையும் சொல்லப்போவதில்லை. நாட்களை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இது முழுக்க முழுக்க நாட்களைப் பற்றிய விஷயம். தீர்ப்பு சொல்லப்பட்ட வெள்ளிக்கிழமையை 0 என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணிக்கொண்டு போகிறேன்.

ஒரு வீட்டு மனையைப் பற்றிய அசல் வழக்கு. மனை தனக்கே உரியது என்று விளம்ப வேண்டும், சுவாதீனத்தை ஒப்படைக்க வேண்டும் என்று வாதி கேட்டிருந்தார். பிரதிவாதி எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. அந்த வீட்டில்தான் அவர் குடியிருந்தார். தீர்ப்பு வாதியின் பக்கம் போனது. யார் பக்கம் நியாயம் என்பது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வது என் வேலையும் இல்லை. மேல்முறையீட்டுக்குப் போக அவருக்கு உரிமை இருந்தது, அந்த உரிமை என் மேசை வழியாகப் போக வேண்டியிருந்தது. எனக்கு உரியது அவ்வளவுதான்.

நகல் உருவாகும் வழி

வழக்கில் தோற்றவர் மேல்முறையீடு செய்ய வேண்டுமென்றால் முதலில் நகல் பிரிவின் ஜன்னலுக்கு வந்தாக வேண்டும். காரணங்களைச் சொல்லும் தீர்ப்புரை, முடிவை முறைப்படி எழுதும் தீர்ப்பாணை இரண்டின் சான்றிட்ட நகலையும் கேட்டு, நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய நகல் மனுவைக் கொடுப்பார்கள். பெரும்பாலும் கொண்டுவருபவர் வக்கீல் குமாஸ்தா. மனுவுக்கு எண் போட்டு ஏட்டில் பதிவோம். பிறகு வழக்குக் கட்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அமர்வு எழுத்தரின் மேசையில் இருக்கலாம், தீர்ப்பாணை எழுதுபவரிடம் இருக்கலாம், பதிவறைக்கே போயிருக்கலாம். கட்டு கைக்கு வந்ததும் பக்கங்களை எண்ணி, இத்தனை நகல் முத்திரைத்தாள் வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த மனு எண்களைப் பட்டியலாக எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். இதைத்தான் ‘முத்திரை கேட்பது’ என்கிறோம். பட்டியலைப் பார்த்துவிட்டு மனுதாரர் முத்திரைத்தாளைக் கட்டுவார். அதன் பிறகே நகலெடுப்பு, ஒப்பிடுதல், கையொப்பம், முத்திரை எல்லாம்.

நகலின் கடைசிப் பக்கத்தில் ஐந்து தேதிகள் இருக்கும். மனு கொடுத்த நாள், முத்திரை கேட்கப்பட்ட நாள், முத்திரை கட்டிய நாள், நகல் தயாரான நாள், நகல் வழங்கிய நாள். பார்ப்பதற்கு அலுவலகச் சடங்கு போலத் தோன்றும். அந்த ஐந்து வரிகளுக்கு இருக்கும் கனம் பிரிவுக்குள் நுழைந்தபோது எனக்குப் புரியவில்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை. முந்தைய ஆள் மாறுதலில் போன அன்று சாவியையும் ஏடுகளையும் கொடுத்துவிட்டுப் போனார்.

காலவரையறைச் சட்டம், 1963-ன்படி, உயர் நீதிமன்றம் அல்லாத நீதிமன்றத்தில் முதல் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள். பிரிவு 12 சொல்வது: தீர்ப்பு சொன்ன நாளையும், நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலத்தையும் அந்த 30 நாட்களில் சேர்க்கக் கூடாது. ‘தேவைப்பட்ட’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நீதிமன்றம் எடுத்துக்கொண்ட நாட்கள் மனுதாரருக்குக் கழிவாகக் கிடைக்கும். முத்திரை கேட்டும் கட்டாமல் அவர் கடத்திய நாட்கள் கிடைக்காது. நகல் தயாரான பிறகு வாங்காமல் விட்ட நாட்களும் கிடைக்காது. எது யாருடைய தாமதம் என்பதைப் பிரித்துச் சொல்ல மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இருக்கும் ஒரே கண்ணாடி அந்த ஐந்து தேதிகள்.

அதே பிரிவின் விளக்கத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. நகல் மனு கொடுப்பதற்கு முன்பு தீர்ப்பாணை தயாரிக்க நீதிமன்றம் எடுத்துக்கொண்ட காலம் கழிவில் வராது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 20 விதி 6ஏ, தீர்ப்பாணையை 15 நாட்களுக்குள் தயாரிக்க முயல வேண்டும் என்கிறது. அதற்குள் வந்துவிடும் என்று காத்திருந்து, வந்த பிறகு மனு கொடுப்பவர் அத்தனை நாட்களையும் இழக்கிறார். அனுபவமுள்ள குமாஸ்தாக்கள் தீர்ப்பு சொன்ன அன்று மாலையே நகல் மனுவோடு ஜன்னலில் நிற்பார்கள். ‘இன்னும் தீர்ப்பாணையே ஆகவில்லை, அதற்குள் என்ன அவசரம்’ என்று அவர்களைத் திருப்பி அனுப்பும் உதவியாளர், தெரியாமலேயே ஒருவருடைய நாட்களை எடுத்துவிடுகிறார். அந்த மனுவை வாங்கிக்கொள்ள வேண்டும். நீதிமன்றத்தில் எழுத்து வேலைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே இதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் செய்தது

இந்த வழக்கில் நகல் மனு வந்தது 10-ஆம் நாள், திங்கட்கிழமை. தீர்ப்பாணை கையொப்பமாகிக் கட்டு என்னிடம் வந்தது 14-ஆம் நாள், வெள்ளிக்கிழமை மதியம். பக்கங்களை எண்ணிப் பட்டியல் எழுதினேன். எழுதிய கையோடு நகல் மனு ஏட்டில் ‘முத்திரை கேட்கப்பட்ட நாள்’ என்ற கட்டத்தில் அன்றைய தேதியைப் போட்டேன்.

பட்டியலில் சிரஸ்தார், அதாவது அலுவலகத்தின் தலைமை எழுத்தர், கையொப்பமிட வேண்டும். அன்று மாலை அவர் நீதிபதியின் அறையில் இருந்தார். திங்கள் முதல் புதன் வரை விடுப்பு. பொறுப்பு பார்த்தவரிடம் கொண்டுபோயிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. வியாழக்கிழமை காலை, அதாவது 20-ஆம் நாள், சிரஸ்தார் கையொப்பமிட்ட பிறகு அலுவலக உதவியாளர் பட்டியலைப் பலகையில் ஒட்டினார். மறுநாள் வெள்ளிக்கிழமை குமாஸ்தா முத்திரைத்தாள் கட்டிவிட்டார். 27-ஆம் நாள் நகல் தயார். 28-ஆம் நாள் வாங்கிக்கொண்டு போனார்.

ஒட்டாத பட்டியலுக்கு ஏட்டில் ஏன் தேதி போட்டேன்? மாத நிலுவை அறிக்கை அந்த வாரம் போக வேண்டியிருந்தது. முத்திரை கேட்காத மனுக்கள் எங்கள் பக்கத்து நிலுவையாக நிற்கும், கேட்டாகிவிட்டால் மனுதாரர் பக்கத்துக்குப் போய்விடும். கட்டத்தை நிரப்பினால் அறிக்கை சுத்தமாக இருக்கும். யாரையும் ஏமாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. பட்டியல் எழுதியாகிவிட்டது, இன்னும் ஒரு மணி நேரத்தில் ஒட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். நடக்கப்போவதை நடந்ததாக எழுதிவிட்டேன். வியாழக்கிழமை பட்டியல் பலகைக்குப் போனபோது ஏட்டுக்குத் திரும்பிப்போய்த் திருத்தவும் இல்லை.

நகலை ஒப்பிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் நகலில் விரலை வைத்துக்கொண்டு தொடர வேண்டும். சொத்து விவரம் வந்ததும் வேகத்தைக் குறைப்போம். சர்வே எண், உட்பிரிவு, கதவு எண், நான்கெல்லை, அளவு என்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்வோம். ஓர் உட்பிரிவு எண் மாறினால் வேறு யாருடைய மனையையோ நீதிமன்றம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். அன்று ஒரு ‘மேற்கு’ ‘மேல்’ என்று விழுந்திருந்ததைக்கூடப் பிடித்துத் திருத்தினோம். அவ்வளவு கவனமாக இருந்த நாங்கள் இருவரும் கடைசிப் பக்கத்தின் ஐந்து தேதிகளை எதனோடும் ஒப்பிடவில்லை. ஏட்டைப் பார்த்து நான் எழுதினேன், அவர் கையொப்பமிட்டார்.

திரும்பி வந்த மேல்முறையீடு

46-ஆம் நாள் அந்த அம்மாவின் வழக்கறிஞர் சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீட்டைத் தாக்கல் செய்தார். அவருடைய கணக்கு சரியானது. 10-ஆம் நாள் முதல் 27-ஆம் நாள் வரை, இரண்டு நாட்களையும் சேர்த்து 18 நாட்கள் கழிவு. 30-உடன் 18 சேர்த்தால் 48. கையில் இன்னும் இரண்டு நாட்கள் மிச்சம்.

அங்கே சரிபார்த்தவரின் கணக்கும் சரியானதுதான். முத்திரை கேட்டது 14, கட்டியது 21. இடையில் 15 முதல் 20 வரை ஆறு நாட்கள் மனுதாரரின் தாமதம். 18-இல் ஆறு போனால் 12. கடைசி நாள் 42. ஆகவே மேல்முறையீடு நான்கு நாட்கள் தாமதம். எப்படிக் காலத்துக்குள் வந்தது என்று விளக்கும்படி குறிப்பெழுதித் தாள்களைத் திருப்பினார்கள்.

நான்கு நாள் தாமதம்தானே, காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 5-இன் கீழ் மன்னிப்பு மனு போட்டால் போகிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். அந்த அம்மாவுக்கு அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 41 விதி 3ஏ-யின்படி, தாமத மன்னிப்பு மனுவோடு வரும் மேல்முறையீட்டில், மேல்முறையீட்டை விசாரிப்பது என்று நீதிமன்றம் முடிவெடுக்கும் வரை தீர்ப்பாணையின் நிறைவேற்றத்துக்குத் தடை தர முடியாது. மன்னிப்பு மனுவுக்கு எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு போக வேண்டும், எதிருரை வர வேண்டும், வாய்தா விழும், மாதங்கள் ஓடும். வாதியோ அதற்குள் நிறைவேற்று மனு போட்டிருந்தார். மேல்முறையீடு எண் பெறாமல் கிடக்கும்போதே, நீதிமன்ற ஆணையை நிறைவேற்ற வரும் அமீனா வீட்டு வாசலில் நிற்கும் நிலைமை. ஏட்டின் ஒரு கட்டத்தில் நான் போட்ட தேதி, ஒரு மூதாட்டியின் சாமான்கள் தெருவுக்கு வரும் தூரம் வரை போயிருந்தது.

திருப்பிய தாள்களோடு குமாஸ்தா எங்கள் ஜன்னலுக்கு வந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் இந்த வேலையில் இருப்பவர். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டு, “தம்பி, உங்கள் பலகையைப் பார்க்காமல் நான் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை. இந்த வெள்ளிக்கிழமை இந்தப் பட்டியல் பலகையில் இல்லை” என்று மட்டும் சொன்னார்.

ஏட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து. அந்த நிமிடத்தில் எனக்கு வந்த முதல் நினைப்பு நல்லதில்லை. ‘ஏட்டில் இப்படித்தான் இருக்கிறது ஐயா’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஏடு என் பக்கம் பேசும், அவர் பக்கம் பேச எதுவுமில்லை. சட்டமும் ஏட்டின் பக்கமே சாயும். அலுவல்முறைச் செயல்கள் ஒழுங்காகவே நடந்தன என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்பது 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் பிரிவு 114-இல் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்திலும் பிரிவு 119-இல் அது தொடர்கிறது. நியாயமான விதிதான், அது இல்லாமல் எந்த அலுவலகமும் ஓடாது. ஆனால் அந்த விதியின் நிழலில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர், தான் எழுதியது பொய் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டால், எதிரே நிற்பவருக்குப் போக்கிடம் இல்லை. குமாஸ்தாவை உட்காரச் சொல்லிவிட்டு ஏட்டோடு சிரஸ்தாரிடம் போனேன்.

அவர் ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். “வெள்ளிக்கிழமை கேட்டிருக்கிறீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கட்டியிருக்கிறார்கள். பட்டியலில் நாம் கொடுக்கும் அவகாசம் சில வேலை நாட்கள்தான். அதற்குள் கட்டாவிட்டால் மனுவைத் தள்ளியிருக்க வேண்டும். ஏன் தள்ளவில்லை?”

பதில் என்னிடம் இருந்தது. முத்திரைத்தாளை வாங்கிய அன்று, பட்டியல் நேற்றுத்தானே ஒட்டப்பட்டது என்பது என் நினைவில் இருந்தது. அதனால் வாங்கினேன். என் கை ஏட்டில் ஒன்றை எழுதியிருந்தது, என் நடத்தை வேறொன்றைச் சொன்னது. “மேடம், நான் முன்தேதி போட்டுவிட்டேன்” என்றேன்.

“நீங்கள் சொன்னால் மட்டும் போதாது. காகிதம் காட்டுங்கள்” என்றார் அவர்.

பலகையிலிருந்து எடுத்த பட்டியல்களைக் கோத்து வைக்கும் கோப்பு ஒன்று உண்டு. அந்தப் பட்டியலை அதில் தேடி எடுத்தோம். தலைப்பில் நான் எழுதிய வெள்ளிக்கிழமைத் தேதி. சிரஸ்தாரின் கையொப்பத்துக்குக் கீழே வியாழக்கிழமைத் தேதி. வலது மூலையில் நீல மையில் ‘ஒட்டப்பட்டது’ என்ற சொல், அதே வியாழக்கிழமைத் தேதி, அலுவலக உதவியாளரின் சுருக்கொப்பம். மூலையில் இப்படி எழுதும்படி அவருக்கு எந்த உத்தரவும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிரஸ்தார் சொன்னாராம், அன்றிலிருந்து விடாமல் எழுதுகிறார். எங்கள் பிரிவில் சம்பளப் பட்டியலின் கடைசியில் இருந்தவர் அவர். அந்த அம்மாவின் வழக்கை மீட்டது அவருடைய எழுத்து.

திருத்தம்

நான் எழுத்துமூலம் விளக்கம் கொடுத்தேன். சிரஸ்தார் பட்டியலையும் விடுப்பு விவரத்தையும் இணைத்துக் குறிப்பெழுதி நீதிபதியிடம் வைத்தார். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திருத்த உத்தரவிட்டார். ஏட்டில் பழைய தேதியை அழிக்கவில்லை. படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் சரியான தேதி, உத்தரவின் தேதி, கையொப்பம். நகலின் கடைசிப் பக்கத்திலும் அப்படியே திருத்திச் சான்றிட்டோம். இரண்டு நாட்களில் தாள்கள் சார்பு நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போயின. மன்னிப்பு மனு இல்லாமலேயே மேல்முறையீட்டுக்கு எண் கிடைத்தது, தடை மனுவும் விசாரணைக்கு வந்தது. எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. அது சரியானதுதான்.

இந்தத் தவறைக் கவனக்குறைவு என்று ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை. அன்று பிரிவில் நகலெடுப்பவர் பணியிடம் காலி. மனு வாங்குவது, கட்டு தேடுவது, பட்டியல் எழுதுவது, ஏடு எழுதுவது எல்லாம் ஒரே ஆள். இரண்டாவது கண் படாத இடத்தில் தப்பு தங்கிவிடும். நகலின் உடம்புக்கு இரண்டு கண்கள் இருந்தன, கடைசிப் பக்கத்துக்கு ஒன்றுகூட இல்லை. ஏட்டின் கட்டமும் வெறும் தேதியை மட்டும் கேட்டது. எந்தப் பட்டியலின்படி என்று கேட்கவில்லை. பட்டியல் எண்ணையும் சேர்த்து எழுதியாக வேண்டும் என்றிருந்தால், ஒட்டிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கட்டத்தை நிரப்பியிருப்பேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது நிலுவை அறிக்கை. நிலுவையைக் குறைத்துக் காட்டச் சொல்லி யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் கேட்கப்படும் எண் அது ஒன்றுதான். ஏடு எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்று எந்த அறிக்கையும் கேட்பதில்லை.

இப்போது நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து 16 குறிகள் கொண்ட சி.என்.ஆர். என்ற தனி அடையாள எண் இருக்கிறது, வழக்கின் நிலையைக் கைபேசியிலேயே பார்க்கலாம். இந்தப் பிழை இனி நடக்காது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. கணினியிலும் யாரோ ஒருவர்தான் தேதியைப் பதிகிறார். பலகையில் பட்டியல் ஏறியதா என்பது கணினிக்குத் தெரியாது.

சிரஸ்தாரின் அனுமதியோடு எங்கள் ஏட்டில் அந்தக் கட்டத்தை இரண்டாகப் பிரித்தோம். ஒன்றில் பட்டியல் எண், மற்றொன்றில் ஒட்டிய தேதி. இரண்டையும் அலுவலக உதவியாளர் பலகையிலிருந்து திரும்பி வந்த பிறகே எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். ஒப்பிடும்போது கடைசிப் பக்கத்தையும் உரக்கப் படித்தோம். தாமதம் எங்களுடையதாக இருந்த மாதங்களில் நிலுவை எண் கூடுதலாகவே மேலே போனது. அதற்கு ஒரு முறை விளக்கம் கேட்டார்கள். பணியிடம் காலி என்று எழுதினேன்.

சில மாதங்கள் கழித்துச் சார்பு நீதிமன்றத்திலிருந்து அந்த மேல்முறையீட்டுக்காகக் கீழமை நீதிமன்ற ஆவணங்களைக் கேட்டுக் கடிதம் வந்தது. பதிவறையிலிருந்து கட்டை வரவழைத்து, பிராது முதல் தீர்ப்பாணை வரை பக்கம் பக்கமாக எண்ணி, சான்றாவணங்களைத் தனியே கட்டி, அட்டவணை எழுதினேன். அனுப்பிய நாள் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். மூன்றரை மணிக்கு அலுவலக உதவியாளர் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். ஐந்து மணிக்கு ஒப்புகைச் சீட்டோடு வந்தார். அதைப் பார்த்துத் தேதி போட்டேன்.